அண்ணனுக்கு: எண்பத்தோராவது கோப்பை

அண்ணே,

இன்று தைப்பூசம் முடிந்து வரும் சனிக்கிழமை, அம்மாவின் பிறந்தநாள். எதற்காக இன்று எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் அம்மாவுக்கு எண்பது நிறைந்தபோது நம் வீட்டில் நடந்த பேச்சை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. சென்னையிலும் ரங்கூனிலும் சொந்தக்காரர்கள் இதைப் படிப்பார்கள். அப்பா இல்லாமல் சதாபிஷேகம் செய்கிற வழக்கம் இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள், நீங்களும் சரி என்றீர்கள். அதோடு விடுகிறேன். ஆனால் அன்று ராத்திரி அம்மா கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஆயிரம் பிறை பார்த்தது என் கண்ணுதானே? தாலியா பார்த்துச்சு?"

அதனால்தான் போன வருஷம் பிறந்தநாள் விடியற்காலையில் அவளை ஷ்வேடகோன் பகோடாவுக்கு அழைத்துப் போனேன். பர்மாக்காரர்கள் வழக்கம் நமக்கு எதற்கு என்பீர்கள். சின்ன வயதில் பிறந்தநாள் தவறாமல் நம்மை அங்கே கூட்டிப்போனவளே அவள்தானே. பிறந்த கிழமைக்கு ஒரு மூலை அங்கே. அந்த மூலையில் கிழமையைத்தான் பார்ப்பார்கள். கூட யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

லிஃப்டில் ஏறினோம். பனி இறங்கி, தரை பாதத்தில் ஜில்லென்று இருந்தது. தென்மேற்கில், சனிக்கிழமைக்காரர்களுக்கான நாகத்தின் அருகே போய் நின்றோம். அங்கிருக்கும் புத்தர் சிலை மேல் வயதுக்கு ஒரு கோப்பை தண்ணீர், அதற்கு மேல் ஒன்று, ஆக 81. அங்கே இருந்த கோப்பையை அவள் தொடவில்லை. முந்தானையை அவிழ்த்து ஆயாவின் வெள்ளிக் கோப்பையை எடுத்தாள். 1964-இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ஆனபிறகு, இந்தியாவுக்குக் கப்பலேறப் போனவர்களிடம் நகையைப் பிடுங்கிக்கொண்டார்களே, அப்போது ஆயா அம்மா கையில் திணித்துவிட்டுப் போன கோப்பை. விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா?

நான் எண்ணினேன், அவள் ஊற்றினாள். முப்பது தாண்டியதும் கை நடுங்க ஆரம்பித்தது. நாற்பதில் நான் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். தண்ணீர் பாதி புத்தர் மேல், பாதி அவள் ரவிக்கைக் கையில். பக்கத்தில் இருந்த ஒரு பர்மாப் பெண் தன் முறையை விட்டுக்கொடுத்து எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அறுபத்து மூன்றாவது கோப்பையில் என் பையில் போன் அடித்தது.

நீங்கள்தான். பார்த்தேன், சத்தத்தை அணைத்தேன். எண்ணிக்கை தப்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் எழுபதில் மறுபடியும் அடித்தது, அதையும் எடுக்கவில்லை.

கடைசிக் கோப்பை வருகிற வருஷத்துக்கு. அதை ஊற்றும்போது அம்மா உங்கள் பெயரைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக அவளைக் குளிப்பாட்டியவள் நான். மாத்திரைக்கு அலைந்தவளும் நான்தான். வாயில் வந்தது உங்கள் பெயர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் அண்ணே.

அப்புறம் கீழே வந்து நான்பியா ரொட்டியும் பேபியோ என்கிற அவித்த பட்டாணியும் சாப்பிட்டோம். அவளுக்கு அவ்வளவு பசி. பட்டாணியை மசித்துக்கொண்டே, "பெரியவன் போன் பண்ணலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

நீங்கள் சாயங்காலம் மறுபடி பேசினீர்கள், அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள், எல்லாம் சரிதான். ஆனாலும் காலை முழுதும் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். என் ஒரு வார்த்தையால். ஐப்பசியில் அவள் போகும்வரை அதை நான் திருத்தவில்லை. மன்னித்துவிடுங்கள். சதாபிஷேகத்துக்கு நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன், அதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பிறைக்கு இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறைக்கு எண்பது வருஷமும் ஏறக்குறைய பத்து மாதமும் ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு ஒரு பிறை பாக்கி. ஐயர் கணக்கு வேறாக இருக்கலாம், எனக்கு இதுதான் கணக்கு.

ஐப்பசித் திதிக்கு வாருங்கள். கோப்பையைத் துலக்கி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போங்கள். நசுங்கலைத் தட்டி நேராக்க மட்டும் வேண்டாம்.

உங்கள் தங்கச்சி