ஒழுகும் பம்ப் ஸ்டவ்வுக்கு சைக்கிள் டியூப் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கி மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இந்த நாள்களில், பரணில் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நம் மாவட்டத்தில் பலரும் கீழே இறக்கியிருப்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலுக்குப் பின் பல நாள் இருட்டில் கிடந்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று என்பதால், பழைய பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்றை நாங்கள் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறோம். அது சென்ற மாதம் ஒழுகியது.

மரச்சீனிக் கிழங்கு அவிக்க ஸ்டவ்வைப் பற்றவைத்த என் மைனி, பம்ப் கைப்பிடி தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வருவதையும், அதன் தண்டின் ஓரமாக எண்ணெய் கசிந்து தரையில் சொட்டுவதையும் கண்டு உடனே காற்றைத் திறந்துவிட்டு அணைத்தார். அந்த ஒரு நிதானம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது. மண்ணெண்ணெய் 40 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கிவிடும். எரிந்துகொண்டிருக்கும் ஸ்டவ்வின் டாங்க் அந்தச் சூட்டை எட்டுவதற்கு வெகுநேரம் ஆகாது.

கடைத்தெருவில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பம்ப் தண்டின் முனையில் இருக்கும் தோல் வாஷரை மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் ஒழுகியது. தோல் வாஷரின் வேலை காற்றைத் தள்ளுவது மட்டுமே. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது பம்ப் குழாயின் அடியில், எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. காற்றை உள்ளே விட்டு எண்ணெயை வெளியே விடாத அந்தச் சிறு வால்வுக்குள், பயறு அளவில் ஒரு அடைப்பான் உண்டு. கைப்பிடி தானாக எழும்பினால் குற்றம் அந்த அடைப்பானில்தான் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வீட்டிலேயே கழற்றிப் பார்த்தேன். எப்போதோ யாரோ அதில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தார்கள். கறுத்து, உப்பி, விரலில் ஒட்டும் பசையாகக் கிடந்தது அது. ரப்பர் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த குலசேகரம், அருமனைப் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை: ரப்பருக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆகாது. ஐயம் தீர்வதற்காக, ஒரு துண்டு டியூபை மண்ணெண்ணெய் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் இரவு முழுவதும் போட்டு வைத்தேன். காலையில் எடுத்து, அதே டியூபில் வெட்டிய மற்றொரு துண்டின் அருகில் வைத்தபோது, அது தடித்துத் தளர்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. உப்பும்போது ஓட்டையை இறுக்கமாக அடைத்துக்கொள்வதால் முதல் சில நாள் ஒழுக்கு நின்றதுபோலத் தோன்றும். பின்பு குழைந்து வழிவிட்டுவிடும். இதனால்தான் பல வீடுகளில் 'போன மாதம்தான் சரிசெய்தோம்' என்ற பேச்சு வருகிறது என்று நினைக்கிறேன்.

அந்த இடத்தில் தக்கை அல்லது எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான் இருக்க வேண்டும். மாற்றுவது பெரிய வேலையன்று. ஆனால் ஸ்டவ் நன்றாக ஆறி, காற்றை முழுவதும் திறந்துவிட்டு, எண்ணெயை வடித்த பிறகே கை வைக்க வேண்டும். வால்வைக் கழற்ற அதற்கென்று நீளமான சாவி உண்டு. அது இல்லாமல் குறடு போட்டுத் திருகினால் பித்தளையின் மரை போய்விடும், அதன்பின் எந்த வாஷரும் உதவாது. வால்வின் அடியில் இருக்கும் ஈய வாஷரையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. மாட்டி முடித்ததும் பாதி டாங்க் எண்ணெய் ஊற்றி, பற்றவைக்காமல் பத்து முறை பம்ப் அடித்து, பழைய செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். தாளில் கறை விழவில்லை. அதன் பிறகே தீக்குச்சியைத் தொட்டேன்.

கடலோர ஊர்களில் உள்ள தகர டாங்க் திரி ஸ்டவ்களின் கதை வேறு. உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடித்து ஊசித்துளை விழுந்துவிடுகிறது. அதற்கு சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எண்ணெய் வடித்த டாங்கில் ஆவி தங்கியிருக்கும் என்பதால், அதை வீட்டில் வைத்து ஈயம் பற்றவைக்கவும் முயல வேண்டாம். ஒழுகிய எண்ணெயில் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது; மண்ணெண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணலோ நனைத்த சாக்கோ போதும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் ஏறி இறங்கிய பின்பே அந்தச் சிறு அடைப்பான் எனக்குக் கிடைத்தது. ஹார்டுவேர் கடைக்காரர்கள் அதையும் வால்வுச் சாவியையும் வாங்கி வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தரும் ரேஷன் கடைகளில், டியூப் ரப்பரைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு அறிவிப்புப் பலகையையாவது மாவட்ட நிர்வாகம் வைக்க வேண்டும். நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம் இந்தப் பழுதுநீக்கத்தை ஒரு நாள் பயிற்சியாகக் கற்றுத்தர முன்வந்தால், கற்கும் முதல் ஆளாக நானே வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.