செயின்ட் மார்க்ஸ் பிளேஸ், எண் 12

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். செயின்ட் மார்க்ஸ் பிளேஸின் கடைகளை அவ்வளவு ரசித்து எழுதியவர், 12ஆம் எண் கட்டடத்தை மட்டும் ‘பழைய ஜெர்மன் துப்பாக்கிக் கிளப்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். படிக்கிறவர்கள் ஏதோ ஆயுதக் கிடங்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தெருவில் நின்று நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மேலே, சுடுமண் அலங்காரத்துக்கு நடுவே ஒரு குறிபார்க்கும் வட்டம், குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கிகள். கூடவே ‘ஐனிஹ்கைட் மாஹ்ட் ஷ்டார்க்’ என்று ஜெர்மனில் ஒரு வாசகம். வேறொன்றுமில்லை, நம் ‘ஒற்றுமையே பலம்’தான்! சும்மா அழகுக்காக எழுதியதல்ல. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் 24 துப்பாக்கி சுடும் குழுக்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்துதான் 1888-89இல் இந்தக் கட்டடத்தையே எழுப்பின.

வடிவமைத்தவர் வில்லியம் ஃப்ரோனே. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்படி, ஜெர்மன் மறுமலர்ச்சிக் காலப் பாணியில், செங்குத்தான கூரை வைத்துக் கட்டினார். உள்ளே மதுக்கூடம், உணவகம், கூட்ட அறைகள். சுடுவது ஒரு சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. சொந்த மொழியில் பேசிச் சிரிக்க ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது. அந்த வட்டாரத்துக்கே ‘குட்டி ஜெர்மனி’ என்றுதான் பெயர். பக்கத்தில் செகண்ட் அவென்யூவில் ஓட்டன்டார்ஃபர் தம்பதியர் கொடுத்த நூலகம் 1884இலிருந்து இன்றும் நடக்கிறது.

அப்புறம், 1904ஆம் ஆண்டு கப்பல் விபத்தால்தான் ஜெர்மானியர்கள் அங்கிருந்து போனார்கள் என்று எழுதியிருந்ததில் பாதிதான் சரி. ஜூன் 15 அன்று, அந்த வட்டாரத்து ஜெர்மானியர் தேவாலயத்தின் உல்லாசப் பயணம் போன ‘ஜெனரல் ஸ்லோகம்’ கப்பல் ஈஸ்ட் ஆற்றில் தீப்பிடித்து எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்த அடியிலிருந்து அக்கம்பக்கம் மீளவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கொஞ்சம் வசதி வந்தவர்கள் வடக்கே யார்க்வில் பக்கம் குடிபோகத் தொடங்கிவிட்டார்கள். கிளப் கட்டடம் கைமாறியதோ 1920இல், விபத்து நடந்து 16 வருடம் கழித்து.

அதன்பிறகு புத்தகக் கடை வந்தது, யோகா வகுப்பு வந்தது. யாரும் அந்தத் துப்பாக்கிகளைச் செதுக்கி எடுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 2001இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையோடு போட்ட படத்தில் கீழ்த்தளமும் நடைபாதையும் மட்டும்தான் இருக்கின்றன. நான் மேலே சொன்னதெல்லாம் நீங்கள் வெட்டிவிட்ட மேல்பாதியில் இருக்கிறது. முழுப் படம் கைவசம் இருந்தால் அடுத்த இதழில் போடுங்கள்.

ஒரு வாசகர்