ரெண்டு டிகிரிதானே என்று கேட்ட மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

"77 புயலையே பார்த்தவங்க நாங்க, பூமியோட சூடு ரெண்டு டிகிரி கூடினா என்ன ஆயிடப்போகுது?" என்று கல்யாண வீட்டில் கேட்டீர்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதிலை எழுதியே அனுப்புகிறேன்.

உலகமே அழியப்போகிறது என்று சிலர் பேசுவதை நானும் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்தப் பழியைக்கூட முழுசாக வெப்பமயமாதல் மேல் போட்டுவிட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெருமழை இன்னும் கனக்கும் என்பது வரை உறுதி.

ஆனால் எனக்குப் புயலைவிட உங்கள் வயலைப் பற்றித்தான் கவலை. நெல் பூக்கிற நேரம் உங்களுக்குத் தெரியாததில்லை. முற்பகலில் விரியும், ஒரு மணி நேரம் போல இருந்து மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பாழாகிவிடும், பால் பிடிக்காது. பயிர் பச்சையாகத்தான் நிற்கும், கதிரும் வரும். தூற்றும்போதுதான் பதர் தெரியும்.

இரவுச் சூடு இன்னும் மோசம். பகலில் சேர்த்த சத்தைப் பயிர் ராத்திரி மூச்சு விட்டே தீர்த்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால், வறண்ட பருவத்தில் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்றார்கள். அதில் ஒரு பங்கு வெயில் குறைந்ததால் வந்தது என்று மறுத்தவர்களும் உண்டு. சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிற இடத்தில் ஒன்றரை மூட்டை. அறுப்புக் கூலியும் உரக்கடைப் பாக்கியும் அதற்காகக் குறையப்போவதில்லை. எல்லாம் கொடுத்தது போக உங்கள் கையில் மிஞ்சுகிறதே, அந்த நாலைந்து மூட்டையிலிருந்துதான் இது போகும்.

புயல் அடித்தால் அதிகாரிகள் வருவார்கள், கணக்கெடுப்பார்கள், நிவாரணம் என்று ஏதோ கொஞ்சம் கிடைக்கும். ஒன்றரை மூட்டைக்கு யார் வருவார்? பயிர்க் காப்பீட்டில் கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதிலும் 70 முதல் 90 சதவீதத்தைத்தான் அளவாக வைக்கிறார்கள். விளைச்சல் அதற்கும் கீழே போனால்தான் பணம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அந்தச் சராசரியும் கூடவே இறங்கிவிடும். நஷ்டம் என்று காட்டவே வழியிருக்காது. இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்கிறேன், மாமா.

இந்தக் கோடை நெல்லில் பத்துக் கதிரைப் பிடித்து, மணி எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். மீதியை அதை வைத்துப் பேசுவோம். அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகன்