நடுவில் உட்கார்ந்திருந்தவன் எழுதுவது

பிரியமுள்ள நண்பா,

நம் சிநேகிதனுடைய ஓவியக் கண்காட்சித் திறப்புக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "சும்மா ஒரு மரியாதைக்குத்தான்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை, உன் பெயரையும்தான். நம் மூவரையும் அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். அன்று நாடகம் முடிந்து வெளியே வந்தபின் நடந்தது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

நாடகத்தைப் பற்றிப் பேசலாம் அல்லவா? யாஸ்மினா ரெசா எழுதி, 1994இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறிய 'ஆர்ட்'. மூன்று சிநேகிதர்களின் கதை. செர்ஜ் இரண்டு லட்சம் பிராங்க் கொடுத்து ஒரு வெள்ளை ஓவியத்தை வாங்கிவிடுகிறான்; மார்க் கொதித்துப்போகிறான்; இவான் இருவருக்கும் நடுவில் கிடந்து திண்டாடுகிறான். நாடகம் சூடுபிடிப்பதற்குள்ளாகவே நீ என் காதருகே குனிந்து, "மார்க் சொல்வதில் என்ன தப்பு?" என்றாய். சற்று நேரத்தில் மறுபக்கத்திலிருந்து அவன் குனிந்து, "செர்ஜ் பாவம்" என்றான். இருவருக்கும் தலையாட்டினேன். உங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள இருக்கை எப்போதும் எனக்குத்தானே.

மார்க்கும் செர்ஜும் கைகலக்கும்போது, விலக்கப் போன இவானின் காதில் அடி விழுந்தது. அரங்கமே சிரித்தது. நீயும் சிரித்தாய், அவனும் சிரித்தான். அன்று மாலை முழுவதும் நீங்கள் ஒத்துப்போனது அந்த ஓரிடத்தில்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டைக்குக் காரணமே இவான்தான் என்பதுபோல அவர்கள் அவன்மீது பாய்ந்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. முதுகெலும்பு இல்லாதவன் என்று நீ என்னைச் சொல்லியிருக்கிறாய், அதுவும் நாலு பேர் முன்னிலையில்.

நான் உன்னிடம் பொய் சொன்னதே இல்லை. "1918லேயே ஓவியர் மாலேவிச் வெள்ளையின்மேல் வெள்ளைச் சதுரம் வரைந்துவிட்டார், இனி வெள்ளையில் என்ன மிச்சம் இருக்கிறது?" என்று நீ கேட்டபோது, நியாயமான கேள்வி என்றேன். அதில் இருப்பது ஒரே வெள்ளையல்ல, சதுரம் குளிர்ந்த வெள்ளை, பின்னணி கதகதப்பான வெள்ளை, நின்று பார்த்தால்தான் தெரியும் என்று அவன் சொன்னபோதும், ஆமாம் என்றேன். இரண்டும் எனக்கு உண்மையாகவே பட்டன. ஒரு கட்சியில் சேர்ந்தால்தான் எனக்கென்று ரசனை இருப்பதாக நீ ஒப்புக்கொள்வாயா? உனக்கு அது மனவருத்தம் தந்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் உங்களை ஒரே அறையில் உட்காரவைக்க நான் பட்ட பாட்டை நீ ஒருநாளும் விசாரித்ததில்லை.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன்.

கடைசியில் செர்ஜ் ஒரு ஸ்கெட்ச் பேனாவை மார்க்கிடம் நீட்டுகிறானே, அந்த இடம். நீ அவ்வளவு நேரம் திட்டித் தீர்த்த ஓவியம் அது. "கிறுக்கட்டும்" என்று நீ சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். மேடையில் மார்க் மூடியைக் கழற்றினான். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. பேனாவின் முனை அந்த வெள்ளையில் பட்டதும், நீ என் மணிக்கட்டைப் பற்றினாய். இறுக்கமாக. உன் மோதிரம் என் எலும்பில் அழுந்தியது. உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. சரிவில் இறங்கும் பனிச்சறுக்குக்காரனை மார்க் வரைந்து முடிக்கும்வரை நீ கையை எடுக்கவில்லை. பிறகு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்பதுபோல, மெல்ல எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

உன்னை அவ்வளவு பிரியத்தோடு நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. அந்த வெள்ளை கெட்டுவிடக் கூடாது என்று நீ பதறினாய். ஓவியத்துக்காகவோ, அந்தச் சிநேகிதர்களுக்காகவோ, எதற்காக இருந்தாலும் சரி. அப்படிப் பதறிய நீதான் வெளியே வந்ததும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னாய். அந்த மணிக்கட்டு விஷயத்தை அவனிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். உன் மானத்தைக் காப்பதாக எண்ணி வாயை மூடிக்கொண்டேன். நீ அடுத்த வாரமே, யார் பக்கமும் நிற்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினாய்.

இதை எல்லோரும் பார்க்க எழுதியதற்குக் கோபப்படுவாய். படு. அவன் இதை என் மூலமாக ரகசியமாகத் தெரிந்துகொண்டால், நீங்கள் பேசவேண்டியதை மறுபடியும் நானே சுமந்து திரியவேண்டியிருக்கும். அந்த வேலையை நான் விட்டுவிட்டேன்.

அவன் படங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. எல்லாமும் அல்ல. சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒன்று இருக்கிறதே, அது பிடித்திருக்கிறது. உன் கோட்டோவியங்களும் பிடிக்கும், அதிலும் முதியவர்களின் கைகளை நீ வரைவது. இதை அங்கே யார் கேட்டாலும் சொல்வேன்.

உனக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருவதானால் வா. வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவனிடம் நான் சமாதானம் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்கொள்.