ஆவணத்தின் பெயரை எங்களுக்குச் சொல்லுங்கள்: மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டும் பணி, தெருமுனைக்கு நாற்பது அடி முன்னாலேயே நின்றுபோனது. மழை பெய்தால் வடிகாலில் ஓடிவரும் தண்ணீர் அந்த இடத்தில் பொங்கி, கடைசி நான்கு வீடுகளின் வாசலில் நிற்கும். ஒன்றரை ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினோம். பணி ஏன் பாதியில் நின்றது, இதற்குப் பொறுப்பான அதிகாரி யார், அவர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, பணி எப்போது முடியும் என்று நான்கு கேள்விகள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: "மனுதாரர் கோரியவை கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது." அந்த ஒரு வரிதான்.

அன்று வந்த கோபத்தில் இந்த மடலை எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பிறகு சட்டத்தைப் படித்தேன். அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் சட்டம் 'தகவல்' என்கிறது. இல்லாத விளக்கத்தைப் புதிதாக எழுதித் தரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உச்ச நீதிமன்றமும் 2011-இல் அதைத் தெளிவாக்கிவிட்டது. அதே சமயம், கேள்விக்கான பதில் கோப்பில் எழுதப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் தரவேண்டும். கேள்விக்குறி போட்டிருக்கிறது என்பதற்காக மனுவைத் தள்ளிவிட முடியாது. மறுத்தால், காரணத்தோடு மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பதையும் எழுதவேண்டும் என்று 7(8) பிரிவு சொல்கிறது. எங்களுக்கு வந்த கடிதத்தில் அவை இல்லை. முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று தெரியாமலே அந்த முப்பது நாளும் கழிந்துபோயின.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் மனுவை வாங்கிப் படித்தவர், அதைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். மதிப்பீடு. பணி ஆணை. கட்டிய வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்குரிய பக்கங்கள். ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல். இந்தப் பணி தொடர்பாக மற்றத் துறைகளுக்கு எழுதிய கடிதங்கள். "அளவுப் புத்தகம் என்று எழுதினால் போதாது அம்மா, பக்கத்திலேயே எம்-புக் என்றும் எழுதிவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் அந்தப் பெயர்தான் பழக்கம்" என்றார். வார்டு எண், தெருப் பெயர், பணி நடந்த ஆண்டு ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். 'ஏன்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் அடித்துவிட்டார்.

இரண்டாவது மனுவுக்கு மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. பதினேழு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் முப்பத்து நான்கு ரூபாய் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டினோம், நகல்கள் வந்தன.

எம்-புக்கின் ஒரு பக்கத்தை நான் பார்ப்பது அதுவே முதல் முறை. எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டம் கட்டமாக, சாய்ந்த கையெழுத்தில் எண்கள். கட்டி முடித்த நீளம் வரைக்கும்தான் அளவு எழுதப்பட்டிருந்தது. அந்த நீளத்துக்குத்தான் பணமும் வழங்கப்பட்டிருந்தது. கடைசி வரியின் கீழே உதவிப் பொறியாளர், மின்கம்பம் இடம் மாற்றப்படாததால் மீதிப் பணி நிறுத்தப்பட்டது என்று எழுதித் தேதியுடன் கையொப்பம் இட்டிருந்தார். பதினாறாம் பக்கமும் பதினேழாம் பக்கமும் மின்சார அலுவலகத்துக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்கள். இரண்டுக்கும் பதில் வந்ததாகக் கோப்பில் எதுவும் இல்லை.

அந்த மனிதரை ஒன்றரை ஆண்டாகத் தெரு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தது. மீதி நாற்பது அடிக்கான பணத்தை ஒப்பந்ததாரரும் அவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று பேசாத வீடு இல்லை. நானும் பேசினேன். முதல் மனுவில் 'அவர் மீது என்ன நடவடிக்கை' என்று எழுதிய கை என்னுடையது. அவர் எழுதிய கடிதத்தின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியையும் வைத்துக்கொண்டுதான் மின்சார அலுவலகத்துக்குப் போனோம். வெறும் வாயோடு போயிருந்தால் அடுத்த வாரம் வாருங்கள் என்றிருப்பார்கள். எண்ணைச் சொன்னதும் கடிதத்தைத் தேடி எடுத்தார்கள். சில மாதங்களில் கம்பம் நகர்ந்தது, வடிகாலும் முடிந்தது.

உங்களிடம் நான் கேட்கவேண்டியது இங்கேதான் தொடங்குகிறது. பக்கத்துத் தெருவில் ஓவர்சியர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ராஜஸ்தானின் சிற்றூர்களில், அரசுப் பணிக் கணக்குகளை ஊர் முன் வாசித்துச் சரிபார்க்கும் மக்கள் விசாரணைகள் 1994-இல் தொடங்கியபோது, கூலித் தொழிலாளர்கள் கேட்டது மஸ்டர் ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டையும் பில்லையும்தான். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் உட்கார்ந்து அவற்றின் நகல்களைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலருக்கும் ஆவணத்தின் பெயர் தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்த மஸ்டர் ரோலில் விரல் ரேகை வைத்தவர்கள் அவர்கள். நகரத்தில் வரி கட்டும் எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கள் பணத்தில் எழுதப்படும் எம்-புக்கை நாங்கள் தொட்டதில்லை, அதன் பெயரைக் கேட்டதுகூட இல்லை. சாலை தெரியும், குப்பை வண்டி தெரியும், தெருவிளக்கு தெரியும். அவற்றுக்குப் பின்னால் உள்ள காகிதங்களின் பெயர் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. ஆவணங்களை அட்டவணைப்படுத்தி வைக்கவேண்டும் என்று 4(1)(ஏ) சொல்கிறது. 4(1)(பி) பட்டியலிடும் பதினேழு இனங்களில், அலுவலகத்தில் என்னென்ன வகை ஆவணங்கள் இருக்கின்றன என்ற அறிக்கையும் ஒன்று. யாரும் கேட்காமலே, சட்டம் இயற்றப்பட்ட 120 நாளுக்குள் இவற்றை வெளியிட்டிருக்க வேண்டும். சட்டம் 2005-இல் வந்தது. இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் இயற்றிய மாநிலம், 1997-இல், நம்முடையது. நாம் பின்தங்க ஒரு காரணமும் இல்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெரும்பாலும் இது உங்களுக்குக் கூடுதல் பொறுப்பு. கோப்பு இருப்பதோ பொறியியல் பிரிவிலோ வருவாய்ப் பிரிவிலோ. தாமதமானால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் உங்கள் தலையில் விழும் என்ற அச்சம் வேறு. ஆனால் 5(4), 5(5) பிரிவுகளின்படி நீங்கள் எழுத்து மூலம் உதவி கேட்ட அதிகாரி கோப்பைத் தராவிட்டால், அந்தப் பொறுப்பு அவரையும் சேரும். அந்தக் கேட்புக் குறிப்பை முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

"ஐந்தாண்டு ஆவணங்கள் அனைத்தும் வேண்டும்" என்று வரும் மனுக்களைப் பற்றி நீங்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எதைக் கேட்பது என்று தெரியாதவர்தான் எல்லாவற்றையும் கேட்கிறார். கேட்ட வடிவில் தந்தால் அலுவலக வேலை பெரிதும் பாதிக்கும் என்று 7(9)-ஐக் காட்டி அவருக்கு மறுப்பது சரியன்று. அந்தப் பிரிவு தகவலை வேறு வடிவில் தர வழிவிடுகிறது, மறுக்கச் சொல்லவில்லை. நேரில் வரச் சொல்லி, ஒரு நாற்காலி போட்டு, கோப்பைப் பார்வையிட விடுங்கள். 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. பார்த்தவர் தனக்கு வேண்டிய ஆறு பக்கத்தை மட்டும் குறித்துக் கொடுப்பார். உங்கள் நகல் இயந்திரத்துக்கும் ஓய்வு கிடைக்கும்.

இன்னொன்று. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு அளிக்கும் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதிலிருந்து, எந்தப் பெயர் இருந்தாலும் 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லிவிடும் போக்கு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது. பொதுப்பணத்தில் வடிகால் கட்டியவரின் பெயரை அதை வைத்துப் பாருங்கள்.

எழுதத் தெரியாமல் வாய்மொழியாகக் கேட்பவருக்கு அதை எழுத்தில் கொண்டுவர நீங்கள் உதவவேண்டும் என்று 6(1) சொல்கிறது. எழுதத் தெரிந்தும் என்ன பெயர் எழுதுவதென்று தெரியாமல் நிற்பவருக்கும் அதே கையை நீட்டுங்கள் என்று கேட்கிறேன். மண்டல அலுவலகத்தின் தபால் பிரிவுச் சுவரில், உங்கள் பெயரும் மேல்முறையீட்டு அலுவலர் பெயரும் எழுதிய பலகைக்குப் பக்கத்தில், பிரிவு வாரியாக ஆவணங்களின் பெயர்களை எழுதி ஒட்டுங்கள். அலுவலகத்தில் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். ஒரு தாள் போதும்.

அடுத்த மாதம் எங்கள் வார்டில் குப்பை அள்ளும் ஒப்பந்தம் தொடர்பாக மனுச் செய்ய இருக்கிறோம். எத்தனை வண்டிகள், எந்த நேரம், வராத நாளுக்குப் பிடித்தம் உண்டா என்பதெல்லாம் ஏதோ பதிவேட்டில் இருக்கும். ஓவர்சியர் ஐயாவிடம் கேட்டோம், சுகாதாரப் பிரிவுக் காகிதங்கள் தனக்குப் பழக்கமில்லை என்றார். அதனால் நேராக உங்கள் அலுவலகக் கவுண்டருக்கே வருகிறோம். அந்தப் பதிவேடுகளின் பெயர்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.

மதிப்புடன்,
வடிகால் தெருவின் கடைசி வீட்டுக்காரி