ஜான் டோட்டுக்கு அரை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைக்கேல் ஷூமாக்கர் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து முறை பார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஓட்டுநரின் திறமையை நன்றாகவே எடுத்துச் சொன்ன அக்கட்டுரை, அந்த வெற்றிகளைப் பெற்ற ஃபெராரி அணியைக் கட்டியெழுப்பிய ஜான் டோட்டை அரை வரியில் கடந்து போனது வருத்தம் தந்தது. ஸ்டீயரிங்கைத் தொடாத ஒருவர் கார் பந்தயத்தில் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அவருடைய பிற்காலப் பணியோ நம் சாலைகளில் நாள்தோறும் போகும் உயிர்களைப் பற்றியது.

1946-ல் பிரான்சில் பிறந்த டோட், ராலி எனப்படும் சாலைப் பந்தயங்களில் துணை ஓட்டுநராகத் தொடங்கியவர். அடுத்த வளைவு எவ்வளவு கூர்மையானது, மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்த ஏட்டிலிருந்து, கார் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நொடி முந்தாமலும் பிந்தாமலும் ஓட்டுநருக்கு வாசித்துச் சொல்வதே அந்த வேலை. 1981-ல் டால்போ நிறுவனம் உலக ராலி பட்டத்தை வென்றபோது அவர் அந்த இருக்கையில்தான் இருந்தார். பின்னர் பெஜோ நிறுவனத்தின் பந்தயப் பிரிவுக்குப் பொறுப்பேற்று 1985, 1986-ல் ராலி பட்டங்களையும், டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் 1987 முதல் 1990 வரை நான்கு வெற்றிகளையும், 1992, 1993-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்று கொடுத்தார். 1989 டக்கார் பந்தயத்தில் பெஜோவின் இரண்டு கார்களே முன்னணியில் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு பாலைவனத்தில் பறந்தன. இரண்டும் கெட்டுவிடக் கூடாதே என்று அஞ்சிய டோட், அவற்றின் ஓட்டுநர்களான அரி வட்டானன், ஜாக்கி இக்ஸ் இருவரில் யார் வெல்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார். வட்டானன் வென்றார். அதே வட்டானன் 2009-ல் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்கு டோட்டை எதிர்த்துப் போட்டியிட்டு 135-க்கு 49 என்ற வாக்குகளில் தோற்றார் என்பது தனிக்கதை.

1993 ஜூலையில் டோட் ஃபெராரிக்கு வந்தபோது, அந்த அணி 1979-க்குப் பின் ஓட்டுநர் பட்டத்தையும் 1983-க்குப் பின் தயாரிப்பாளர் பட்டத்தையும் கண்டதில்லை. எஞ்சின் இத்தாலியின் மரனெல்லோவிலும் காரின் உடற்பகுதி இங்கிலாந்திலும் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. தோல்வி வந்தால் ஒரு தரப்பு மறுதரப்பைக் குறை சொல்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. டோட் 1996-ல் ஷூமாக்கரையும், அவரைத் தொடர்ந்து ராஸ் பிரான், ரோரி பைர்ன் ஆகிய தொழில்நுட்ப வல்லுநர்களையும் அழைத்துவந்து, வடிவமைப்பு முழுவதையும் மரனெல்லோவின் கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார். அப்படியும் பலன் உடனே கிட்டவில்லை. 1997-லும் 1998-லும் கடைசிப் பந்தயத்தில் பட்டம் கைநழுவியது. 1999-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் ஷூமாக்கரின் கால் முறிந்தது. தோல்விக்குத் தோல்வி இத்தாலியப் பத்திரிகைகள் டோட்டின் தலையைக் கேட்டன. ஊழியர்கள் மீது பழி விழாமல் அத்தனையையும் அவரே தாங்கிக்கொண்டார். 2000 அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில் ஷூமாக்கர் வென்றபோது, ஓட்டுநர் பட்டத்துக்கான 21 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அந்த ஏழு ஆண்டுகளைச் சொல்லாமல் அடுத்த ஐந்து பட்டங்களை மட்டும் எழுதினால் வரலாறு பாதியாகத்தான் இருக்கும்.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கிறேன் என்று பொருள் அல்ல. 2002 ஆஸ்திரியப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த ஃபெராரியின் மற்றொரு ஓட்டுநர் பாரிகெல்லோவைக் கடைசி நேரத்தில் ஷூமாக்கருக்கு வழிவிடச் செய்தது விளையாட்டுக்கு இழைத்த அநீதி. கூட்டமைப்பின் தலைவராக இருந்தபோது, ஃபெராரியின் 2019 எஞ்சின் விதிப்படி இருந்ததா என்ற விசாரணையை விவரம் வெளியிடாத உடன்பாட்டில் முடித்ததும் சரியல்ல. அவர் முன்பு நடத்திய அணியே அது என்பதால், வெளிப்படையாக நடந்துகொள்ளும் கடமை அவருக்கு மற்ற எவரையும்விட அதிகம் இருந்தது.

ஆனால் பாதுகாப்பில் அவர் காட்டிய உறுதியை மறக்க முடியாது. அவருடைய மகன் நிக்கோலா மேலாளராக இருந்த இளம் ஓட்டுநர் ஜூல் பியான்கி, 2014-ல் சுசுகாவில் மீட்பு வாகனத்தின் மீது மோதி, அடுத்த ஆண்டு உயிரிழந்தார். ஓட்டுநரின் தலையைக் காக்கும் 'ஹாலோ' என்ற டைட்டானிய வளையம், காரின் அழகைக் கெடுக்கிறது என்ற எதிர்ப்புகளுக்கு நடுவே, டோட் தலைமையிலான கூட்டமைப்பால் 2018-ல் கட்டாயமாக்கப்பட்டது. 2020-ல் பஹ்ரைனில் தடுப்பு வேலியைப் பிளந்து தீப்பிடித்த காரிலிருந்து ஓட்டுநர் ரோமன் குரோஷான் உயிரோடு வெளியே வந்தார். ஹாலோவை முன்பு எதிர்த்தவர் அவர். அது இல்லாவிட்டால் தான் இருந்திருக்க மாட்டேன் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2015-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன், டோட்டைச் சாலைப் பாதுகாப்புக்கான சிறப்புத் தூதராக நியமித்தார். ஐ.நா. தரத்துக்கு ஏற்றதும் வெப்ப நாடுகளுக்குப் பொருந்துவதுமான தலைக்கவசத்தை 20 டாலருக்கும் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். 2022-ல் மட்டும் சுமார் 1.68 லட்சம் பேரைச் சாலை விபத்துகளில் இழந்த நாட்டில் இருக்கிறோம். தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்க் மீது வைத்துக்கொண்டு, காவலரைக் கண்டதும் வாரைக்கூட மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் காட்சியை எந்தச் சிக்னலிலும் காணலாம். சாலையோரத்தில் விற்கும் போலி முத்திரைத் தலைக்கவசங்களை வாங்குவோரில் பலர் விலைக்கு அஞ்சியே வாங்குகிறார்கள்.

ஆகவே, டோட்டின் இந்தப் பணியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், அவர் சொன்ன விலையில் தரமான தலைக்கவசம் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதற்கு என்ன தடை என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் தயாரிப்பாளர்களிடமும் போக்குவரத்துத் துறையிடமும் கேட்டு அதில் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்