இன்னொரு லேபில் பார்க்கும் உரிமை

ஆசிரியருக்கு வணக்கம். ரத்தப் பரிசோதனை போன்ற நோய் கண்டறியும் முறைகளுக்குக் காப்புரிமை, அதாவது ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் உரிமை, கொடுக்க வழிவிடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பொட்டாசியம் ஏறியிருந்தால் உடனே ரிப்போர்ட் கொடுத்துவிட மாட்டோம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் அளவு ஏறிக் காட்டும். மறுபடி எடுப்போம், சந்தேகம் தீராவிட்டால் புதுச்சேரியில் வேறு லேபுக்கு அனுப்புவோம்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்த பிறகு அவள் மகளுக்கு, மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் அபாயத்தைக் காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை செய்தோம். ‘முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்’ என்று வந்தது; மாற்றம் இருக்கிறது, அது ஆபத்தா இல்லையா என்று தெரியாது என்று அர்த்தம். பெண் பயந்துபோனாள். இன்னொரு லேபில் பார்த்து, விளக்கமும் கேட்ட பிறகுதான் தூங்கினாள்.

அமெரிக்காவில் இதே மரபணுக்களுக்கு மிரியட் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்த காலத்தில், சினைப்பையை எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டிய பெண்கூட, வேறு லேபுகள் அந்தச் சோதனையைச் செய்ய முடியாததால், ரிப்போர்ட்டை வேறிடத்தில் சரிபார்க்க முடியவில்லை. கட்டணம் 3,000 டாலருக்கு மேல். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்துவிட்டதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு தங்கினால் டோஸைக் கூட்டுவது, குறைப்பது என்ற கணக்குக்கும் காப்புரிமை இல்லை என்று 2012இல் மேயோ வழக்கில் சொல்லியிருந்தது.

நோய் கண்டறியும் முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு. உடலுக்கு வெளியே செய்யும் சோதனைக்கும் அது பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 அக்டோபரில், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் வழக்கில் கூறியது. ஆனால், அந்தத் தடையை உடலுக்குள் செய்யும் சோதனைகளோடு நிறுத்தி, கட்டாய உரிமத்தால் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் மற்றவர்களுக்கு அரசு தரும் அனுமதியால்) ஈடுகட்டுவதைப் பரிசீலிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு யோசனை சொல்கிறது.

அரசு அதை ஏற்கவே கூடாது. ரத்தம், சிறுநீர், சளி, சதைத் துணுக்கு எல்லாமே உடலை விட்டு வந்த பிறகுதான் லேபுக்கு வருகின்றன. அவற்றை விட்டுவிட்டால் அந்தப் பிரிவில் என்ன மிஞ்சும்? கட்டாய உரிமத்தையும் நம்ப முடியவில்லை. மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற நெக்ஸாவர் புற்றுநோய் மருந்து அதனால் 8,800 ரூபாய்க்கு வந்தது உண்மைதான். அது 2012இல். அதற்குப் பிறகு இந்தியாவில் வேறெந்த மருந்துக்கும் கொடுக்கவில்லை.

புதுக் கருவிக்கும் ரீஏஜென்ட்டுக்கும் (சோதனைக்கான ரசாயனத்துக்கும்) காப்புரிமை கொடுக்கட்டும், அது உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது. 3(ஐ) பிரிவில் கை வைப்பதற்கு முன் லேப் ஊழியர்களையும் நோயாளிகளையும் அழைத்துக் கேட்க வேண்டும். எங்கள் தொகுதி எம்.பி.க்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.